குளித்தபின் எண்ணெய்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னைப் பேச அழைத்தபோது, "உன் துறையைப் பத்திப் பேசுப்பா" என்றார். நான் கப்பலூரில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர். பஞ்சையும் நூலையும் பற்றிப் பேசினால் ஜவுளித் துறைக்காரர்களைத் தவிர மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். ஆகவே எல்லோரிடமும் இருக்கிற ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். தோல்! குறிப்பாக, நம் வீட்டிலுள்ள பெரியவர்களின் தோல்.

"ஏம்ப்பா, இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நோய் என்றால் டாக்டர்தான். ஆனால் நான் பேசப்போவது நோயைப் பற்றி அல்ல, பராமரிப்பைப் பற்றி. இயந்திரம் பழுதானபின் பார்ப்பது ஒரு வேலை. பழுதாகாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் இந்தக் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

முதலில் இந்த இயந்திரத்தின் அமைப்பைப் பார்ப்போம். நம் தோலின் மேற்பரப்பிலே, வெளி உலகத்தோடு உரசிக்கொண்டிருப்பது செத்த செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் சுமார் 15 முதல் 20 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! இவ்வளவு மெல்லிசான ஒன்றுதான் உடம்பிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போகாமலும், வெளியிலுள்ள கிருமி உள்ளே வராமலும் காவல் காக்கிறது. தோல் மருத்துவர்கள் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். செத்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புதான் சுண்ணாம்புச் சாந்து. சாந்து உதிர்ந்தால் சுவர் என்ன ஆகும் என்று சிவில் பிரிவு நண்பர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்தச் சுவருக்குக் கீழே இருப்பது உள்தோல். அதற்கு வலு கொடுப்பது கொலாஜன் என்னும் புரதம். இதைப் பற்றிச் சொல்லும்போது நாம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம். ஏனென்றால் இந்தக் கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகத்துக்குச் சொன்னது நம் சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக 1952-ல் பொறுப்பேற்ற ஜி.என். இராமச்சந்திரன், தம்முடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் அதன் அமைப்பை வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது. அடுத்த ஆண்டே அதை மேலும் திருத்தி, இழைக்குள்ளே முறுக்கு, முறுக்குக்குள்ளே முறுக்கு என்று காட்டினார்கள். ஆராய்ச்சிக்குத் தேவையான சுத்தமான கொலாஜன், அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. அது எதிலிருந்து எடுத்தது தெரியுமா? கங்காருவின் வால் தசைநாரிலிருந்து! ஆஸ்திரேலியக் கங்காரு வால், அடையாறு தோல் நிலையம், சென்னை இயற்பியல் துறை, இந்த மூன்றும் முறுக்கிக்கொண்டதில் பிறந்த கண்டுபிடிப்பு. எங்கள் ஆலையில் மூன்று இழையைச் சேர்த்து முறுக்கினால் நூலுக்கு ஏன் பலம் கூடுகிறதோ, அதே தத்துவம்தான் நம் உள்தோலிலும் இருக்கிறது.

சரி, வயதானால் இந்த இயந்திரத்துக்கு என்ன ஆகிறது?

ஒன்று, உற்பத்தி குறைகிறது. இளமையில் மேல்தோல் ஏறத்தாழ நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எழுபது, எண்பது வயதில் அதற்கு ஆறு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அதனால்தான் பேரனுக்கு மூன்று நாளில் ஆறும் சிராய்ப்பு தாத்தாவுக்கு மூன்று வாரம் இழுக்கிறது.

இரண்டு, சாந்து குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் சுணங்கிவிடும். செல்களுக்கு இடையிலுள்ள கொழுப்பும் குறையும். சுவரில் விரிசல் விடும்.

மூன்று, உள்தோல் மெலிகிறது. முதுமையில் அதன் தடிமன் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். மேல்தோலும் உள்தோலும் விரல்களைக் கோத்ததுபோலப் பின்னிக்கொண்டிருக்கும் இடம் சமதளமாகிவிடும். கோத்த விரல் பிரிந்தால் பிடிமானம் ஏது? அதனால்தான் கட்டில் விளிம்பில் லேசாக உரசினாலே பெரியவர்களுக்குத் தோல் வழன்றுவிடுகிறது. முன்கையில் ரத்தம் கன்றிக் கருநீலத் திட்டுகள் தோன்றுவதும் இதனால்தான். ரத்தக் குழாய்களைச் சுற்றியிருந்த மெத்தை போய்விட்டது.

இதோடு வெயிலின் கைவரிசையும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் புகைப்படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. முகத்தின் இடப்பக்கம் மட்டும் சுருங்கித் தொங்கிவிட்டது. வலப்பக்கம் பரவாயில்லை. காரணம், அந்த நாட்டில் ஓட்டுநரின் ஜன்னல் இடப்பக்கம். நம் கப்பலூர் நாற்கர வழிச்சாலையில் லாரி ஓட்டும் அண்ணன்மார்களுக்கு அது வலப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். வயது எல்லோரையும் பிடிக்கும். வெயிலிடமிருந்து ஓரளவாவது தப்பிக்க முடியும். தம்பிகளே, தங்கைகளே, இது உங்களுக்காகச் சொல்வது. எழுபதில் வரும் தோலை இருபதிலேயே நெய்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு தொப்பி, ஒரு முழுக்கைச் சட்டை போதும், தொடங்குவதற்கு.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நூற்பாலைக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே புழுக்கமாக இருக்கும். காற்றில் வேண்டுமென்றே ஈரத்தைக் கலந்து அனுப்புகிறோம். அதற்கென்றே பெரிய விசிறிகளும் நீர்த்தெளிப்பான்களும் கொண்ட ஒரு தனிக் கூடமே இருக்கிறது. என் வேலையில் பாதி அங்கேதான். நூற்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பஞ்சு முறுமுறுவென்று ஆகி, இழை அறுந்துகொண்டே இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் திருமங்கலம் பக்கமிருந்து காய்ந்த காற்று வீசும்போது எங்கள் தெளிப்பான்கள் ஒரு மணி நேரம் நின்றால் போதும், "சார், இழை நிக்க மாட்டேங்குது" என்று ஓடி வந்துவிடுவார்கள்.

பஞ்சு செத்த நார். நம் மேல்தோலின் படலமும் செத்த செல்கள். இரண்டுக்கும் விதி ஒன்றுதான். ஈரம் இருந்தால் வளையும், காய்ந்தால் முறியும். இதை அழகாக நிரூபித்தவர் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானி இர்வின் பிளாங்க். ஆண்டு 1952. காலில் காய்த்துப்போன தோல் துண்டைக் காயவைத்து எண்ணெயில் ஊறவைத்துப் பார்த்தார். அது விறைப்பாகவே இருந்தது. தண்ணீர் பட்டபோதுதான் மிருதுவானது. தோலை மென்மையாக்குவது தண்ணீர்தான், எண்ணெய் அல்ல! அந்தப் படலத்தில் சுமார் 10 சதவீதமாவது நீர் இருந்தால்தான் அது வளைந்து கொடுக்கும் என்பதும் அவர் கண்டதே.

அப்படியானால் எண்ணெய் எதற்கு? மூடி போட! பானையில் தண்ணீர் இருந்தால்தானே மூடிக்கு வேலை? காலிப் பானைக்கு மூடி போட்டு என்ன பயன்? காய்ந்த தோலில் வெறும் எண்ணெயைத் தடவுவது காலிப் பானையை மூடுவதுபோல. ஈரத் தோலில் எண்ணெயைத் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும்.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்புறம் குளிக்கிறோம். சனிக்கிழமை நல்லெண்ணெய், அதன்மேல் சீயக்காய் அல்லது அரப்பு. எண்ணெய் சுரக்கும் இளந்தோலுக்கு அது பொருத்தம். கூடுதல் எண்ணெயைச் சீயக்காய் எடுத்துவிடும், தோல் தன் பங்கைத் தானே சுரந்துகொள்ளும். எண்பது வயதுத் தோலில் சுரப்பது குறைவு. தேய்த்த எண்ணெயோடு மிச்சமிருந்த சாந்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம். அதனால் பெரியவர்களுக்கு வரிசையை மாற்ற வேண்டும். குளித்தபின் எண்ணெய். இன்றைக்கு நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். மற்றவையெல்லாம் இதன் விளக்கம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் தந்தையிடம் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். அப்பா ஒரு பஞ்சாலையில் பிட்டராக 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுக் கையைத் தேய்த்து, அதன்மேல் சலவைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சுத்தம் என்றால் அவருக்கு உயிர். 74 வயதில் அவருக்கு அரிப்பு வந்தது. முழங்காலுக்குக் கீழே, முதுகு, முன்கை. ராத்திரியெல்லாம் சொறிவார். "முப்பத்தஞ்சு வருஷக் கிரீஸுப்பா, உள்ள ஊறிக் கெடக்கு" என்பார். ஆகவே இன்னும் சுத்தமாக இருக்க முடிவு செய்தார். ஒரு வேளைக் குளியல் மூன்று வேளையானது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கிருமிநாசினி, பீர்க்கங்கூடு. அரிப்பு இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. தாத்தா மடி என்றால் அவளுக்குச் சிம்மாசனம். ஒரு நாள் அவள் ஓடி வந்தபோது அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார். "தாத்தாவுக்குச் சொறி தாயி, தொடாத." அன்றிலிருந்து தன் தட்டு, தம்ளர், துண்டு எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். வாசல் திண்ணையில் போய்ப் படுத்தார். யாரும் ஒதுக்கவில்லை. தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டார். தோல் ஒரு மனிதனை எவ்வளவு தூரம் தள்ளி உட்காரவைக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் எல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்து முதலில் சொறிச் சிரங்கு இல்லை என்று உறுதி செய்தார். சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், தைராய்டு, ரத்த அளவு எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். எல்லாம் வந்தபின் கேட்டார்.

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கிறீங்க?"

"மூணு தடவைம்மா. நல்லா வெந்நீர்ல, தேச்சு."

"உங்களுக்கு ஒட்டுற நோய் எதுவும் இல்லீங்கய்யா. நீங்க ரொம்பச் சுத்தமா இருக்கீங்க, அதுதான் பிரச்சினை."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப பாப்பாவைத் தூக்கலாமாம்மா?" என்றார். டாக்டர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "நீங்க தூக்குங்க, உங்க கால்ல அவளை எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க" என்றார். மூன்று வாரத்தில் அரிப்பு அடங்கியது. மருந்துக்கு ஆன செலவு சொற்பம். மாறியது குளியலும் வரிசையும்தான்.

நண்பர்களே, அந்த முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தண்ணீர். வெதுவெதுப்பு போதும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, பத்து நிமிடத்துக்குள். நீரின் சூட்டை நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். பெரியவர்களின் விரலுக்குச் சூடு உறைப்பது குறைந்திருக்கும்.

இரண்டாவது, சோப்பு. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவு சுமார் 5. சாதாரணக் கட்டிச் சோப்பு 9 முதல் 10 வரை. அது காரம். அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம், இந்த இடங்களுக்கு மட்டும் மென்மையான சோப்பு போதும். கைகால், முதுகுக்குத் தண்ணீரே போதும். பீர்க்கங்கூடு, கல், பிளாஸ்டிக் நார் எல்லாவற்றையும் பாத்திரம் துலக்க அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, துடைப்பது. பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்.

நான்காவது, மூடி போடுவது. ஈரம் காயுமுன் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும். எதைத் தடவுவது? விலை உயர்ந்தது வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள், வறண்ட தோல் உள்ள 34 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சாராருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்கு மினரல் ஆயிலும் கொடுத்து இரண்டு வாரம் பார்த்தார்கள். இரண்டுமே வறட்சியைக் குறைத்தன. பெட்ரோலியம் ஜெல்லி இன்னும் கெட்டியான மூடி. எண்ணெய்க் கிணற்றின் துளைக் கம்பிகளில் அப்பியிருந்த மெழுகிலிருந்து ராபர்ட் செஸ்பரோ என்பவர் பிரித்தெடுத்து 1872-ல் காப்புரிமை வாங்கிய பொருள் அது. கிணற்றுத் தொழிலாளர்கள் அந்த மெழுகைக் காயத்தில் தடவிக்கொள்வதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனையே வந்தது. பாருங்கள், இங்கேயும் தொழிலாளிதான் முதல் விஞ்ஞானி!

மிகவும் தடித்து வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பை டாக்டர் எழுதித் தருவார். "வயலுக்குப் போடுற யூரியாவா?" என்று அப்பா கேட்டார். வேதிப்பொருள் அதேதான், நம் தோலிலேயே இயற்கையாக இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் உர மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள்!

இரண்டு எச்சரிக்கை. எண்ணெய் தடவிய பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கும். உட்காரவைத்துத் தடவி, உள்ளங்காலைத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் ஜெல்லியும் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். பீடி, விளக்கு, அடுப்புப் பக்கம் கவனம்.

"இத்தனை எளிய விஷயத்துக்குப் பலன் உண்டா?" என்று கேட்பீர்கள். பொறியாளர்கள் அளவு கேட்கத்தான் செய்வோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 14 முதியோர் இல்லங்களில் 984 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். பாதி இல்லங்களில் வழக்கமான கவனிப்பு. மீதியில் கைகால்களுக்குத் தினம் இரண்டு வேளை ஈரங்காக்கும் களிம்பு. 2014-ல் வெளிவந்த முடிவு என்ன தெரியுமா? ஆயிரம் படுக்கை நாட்களுக்குத் தோல் கிழிதல், வழக்கமான கவனிப்பில் 10.57. களிம்பு தடவியவர்களிடம் 5.76. ஏறத்தாழ பாதி! புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு கை, ஒரு புட்டி, இரண்டு வேளை. எந்த ஆலையிலாவது இவ்வளவு மலிவான பராமரிப்புக்கு இவ்வளவு பலன் கிடைத்தால் அந்தப் பொறியாளருக்கு அடுத்த நாளே பதவி உயர்வு!

அப்படியும் தோல் கிழிந்தால்? சுத்தமான தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வழன்ற தோலை வெட்டி எறியாமல், இருந்த இடத்திலேயே மெதுவாகப் படியவையுங்கள். ஒட்டாத வலைத்துணி வைத்துத் தளர்வாகக் கட்டி டாக்டரிடம் போங்கள். பிளாஸ்திரி ஒட்டினால் எடுக்கும்போது அடுத்த தோலும் கூட வரும். காப்பித் தூள் வேண்டவே வேண்டாம். கட்டில், மேசை விளிம்புகளுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நாம் முதலாண்டில் படித்த பாடம் ஒன்று உதவும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. நுண்ணிய ரத்தக் குழாயின் தமனிப் பக்கத்தில் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். குதிகால், இடுப்பு எலும்பு, பிட்டத்து முனை, இந்தச் சின்னப் பரப்புகளில் உடம்பின் எடை இறங்கினால் அதைத் தாண்டிவிடும். ரத்தம் நிற்கும். தோல் அழுகும். அதுதான் படுக்கைப்புண். மணிக்கணக்கில் ஒரே பக்கம் விடாமல் புரட்டிப் படுக்கவையுங்கள். குதிகாலைத் தலையணையால் தூக்கி அந்தரத்தில் வையுங்கள். படுக்கை விரிப்போடு இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். இழுப்பது சறுக்கு விசை. மெலிந்த தோல் அதைத் தாங்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதத்தை இரவில் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் தடவ வேண்டாம், அந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் வெறுங்காலோடு நடப்பது நம் மதுரைக்காரர் பக்தி. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் உணர்ச்சி குறைந்த பாதம் தாரில் வெந்து கொப்பளித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. நண்பகல் வெயிலில் மட்டும் செருப்பு போடச் சொல்லுங்கள். கள்ளழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லா அரிப்பும் வறட்சி இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் குறையாத அரிப்பு, வீட்டில் பலருக்கும் சேர்ந்து வரும் அரிப்பு, கொப்புளம், ஆறாத புண், வளர்கிற அல்லது ரத்தம் கசிகிற மரு, இவையெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு அன்றைக்கே நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் தடவினால் ஏற்கெனவே மெலிந்த தோலை அது மேலும் மெலியவைக்கும். டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும்.

முதியோர் மருத்துவம் என்பதே தனித் துறை. டாக்டர் வி.எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ல் அதைத் தொடங்கிவைத்தார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. மருத்துவமனைகள் தம் வேலையைச் செய்யட்டும். குளித்து வந்த இரண்டு நிமிடத்துக்குள் எண்ணெய் தடவ எந்த அரசாங்கத்தாலும் ஆள் அனுப்ப முடியாது.

அப்படியானால் யார் தடவுவது? இந்த அரங்கில் பாதிப் பேரின் பெற்றோர் திருமங்கலத்திலோ, உசிலம்பட்டியிலோ, விருதுநகரிலோ இருக்கிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் டெக்சாசிலும் பெங்களூரிலும் இருக்கிறோம். மாதா மாதம் பணம் அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோம். அம்மாவின் முகம்தான் தெரிகிறது, அவர்கள் முதுகு யாருக்குத் தெரியும்? தன் கை எட்டாத இடத்தில்தான் பெரியவர்களுக்கு அரிக்கும். கணவனோ மனைவியோ போய்விட்டால், அந்த முதுகைத் தொட்ட கை எத்தனை வருடத்துக்கு முன்னால் தொட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வாங்கி வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் அம்மா குளித்து வந்ததும் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நீங்களே கையில் எண்ணெய் எடுத்துக் காலுக்கும் கைக்கும் தடவிவிடுங்கள். அப்போதே எங்கே கன்றியிருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். நீங்கள் போனபின் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கோ, அண்ணிக்கோ, வேலைக்கு வரும் அம்மாவுக்கோ அந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கு அதற்கென்று தனியாகச் சம்பளமும் கொடுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு புராஜெக்ட் தருகிறேன். தன் முதுகுக்குத் தானே களிம்பு தடவிக்கொள்ள நல்ல கருவி ஒன்று வேண்டும். நடுங்கும் கையால் பிடிக்கத் தக்கதாக, தோலைக் கீறாததாக, கழுவிக் காயவைக்கக் கூடியதாக, நம் ஊர் விலையில். கப்பலூர் சிட்கோவில் பிளாஸ்டிக் அச்சு வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வரைபடத்தோடு வாருங்கள், அறிமுகம் செய்துவைப்பது என் பொறுப்பு.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் பாட்டியின் காலைத் தொட்டுப் பாருங்கள். செதில் செதிலாக இருந்தால் நாளைக் காலைக் குளியலுக்குப் பின் உங்களுக்கு வேலை இருக்கிறது. "எதுக்குடா இதெல்லாம்?" என்று பாட்டி திட்டுவார். திட்டட்டும். காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டார்.